மச்சத்தைக் கழித்தோம், பயற்றைக் கூட்டினோமா?

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மச்சத்தை அடியோடு விட்டுவிட்டதாகச் சொன்னால் இரண்டு விதமான பேச்சு எழும். பெரியவர்கள் மெச்சுவார்கள். இளையவர்கள், "அப்ப புரதத்துக்கு என்ன செய்யப் போறியள்?" என்பார்கள். இரு தரப்பும் தட்டிலிருந்து எடுக்கப்பட்டதையே பார்க்கின்றன. தட்டில் மிஞ்சிக் கிடப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தாவர உணவை மட்டும் உண்டு ஒருவர் தமக்கு வேண்டிய புரதத்தைப் பெற முடியுமா என்றால், தாராளமாக முடியும். போசாக்கு அறிவியலில் அதைப் பற்றி இன்று பெரிய சர்ச்சை இல்லை. ஆனால் குடாநாட்டு வீடுகளில் சைவச் சாப்பாடு என்ற பெயரில் அன்றாடம் பரிமாறப்படுவதில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று கேட்டால், பல வீடுகளில் இல்லை என்றே சொல்லவேண்டியிருக்கிறது. மீனைக் கழித்த கை அந்த இடத்தில் பயற்றையோ கடலையையோ வைக்கவில்லை. சோற்றைக் கூட்டியது, சொதியைக் கூட்டியது. தாவரத்தின் மேல் சுமத்தப்படும் பழி உண்மையில் இந்தக் கணக்குப் பிழைக்கு உரியது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த ஒருவரின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று வகுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம். தானியத்தையே பெரிதும் நம்பியிருக்கும் சாப்பாட்டில் புரதத்தின் தரமும் செரிமானமும் சற்றுக் குறைவு என்பதால், அப்படி உண்பவர்கள் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்ளுமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2020இல் சொன்னது. அதாவது 60 கிராம். இனி ஒரு சாதாரணச் சைவ நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் சோறு, இரண்டு மரக்கறி, ஒரு கீரை, தண்ணீராய் ஓடும் பருப்பு. இரவு பிட்டு. மூன்று வேளைக்குமாக அரிசியும் அரிசிமாவும் 350 கிராம் என்றால் அதில் புரதம் ஏறத்தாழ 25 கிராம். ஆளுக்கு விழும் பருப்பை அவியப் போடுமுன் நிறுத்தால் 20 கிராம் தேறும். அதில் 5 கிராம். மரக்கறியும் கீரையும் சேர்ந்து இன்னொரு 5. தேங்காயில் 2. மொத்தம் 37 கிராம். வயிறு நிறைந்துவிட்டது, புரதமோ வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை.

இந்த இடைவெளியை அடைப்பதற்கு மலையைப் புரட்டவேண்டியதில்லை. பருப்பை 20 கிராமிலிருந்து 40 ஆக்கினால் 5 கிராம் கூடும். பயறோ கௌபியோ கடலையோ, அவியுமுன் 50 கிராம், ஒரு வேளை சேர்ந்தால் 11 கிராம். ஒரு கைப்பிடி கச்சான், 25 கிராம் அளவில், 6 கிராம் தரும். இவ்வளவும் உள்ளே போகும்போது சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்தாகவேண்டும். அதனால் போகிற 3, 4 கிராமை 50 கிராம் முருங்கையிலையில் செய்த வறை ஏறக்குறைய மீட்டுத் தரும். கணக்கு 60ஐ நெருங்கிவிடுகிறது. இதில் டப்பாவில் அடைத்த மா எதுவும் இல்லை. மைசூர்ப் பருப்பையும் கடலையையும் விட்டால் மற்றவை எல்லாம் இந்த நாட்டு மண்ணில் விளைபவை.

அளவு சரி, தரம் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அரிசிப் புரதத்தில் லைசீன் என்ற அமினோ அமிலம் குறைவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,800 மில்லிகிராம் லைசீன் வேண்டும்; மேலே சொன்ன சொதிச் சாப்பாட்டில் கிடைப்பது ஏறத்தாழ 1,500. பயறு, பருப்பு, கௌபி ஆகியவற்றின் புரதத்தில் அரிசியில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு லைசீன் உண்டு. ஆகவே நான் சொன்ன மாற்றத்தைச் செய்ததுமே இந்தக் குறை தீர்ந்து மிச்சமும் வந்துவிடும். கவலைப்படவேண்டிய இடம் வேறு. கோதுமையில் லைசீன் அரிசியைவிடவும் குறைவு. காலையில் பாணும் இரவில் கோதுமை மாப் பிட்டுமாக மாறிவிட்ட வீட்டில் புரதத்தின் எடை கொஞ்சம் கூடியிருக்கலாம், ஆனால் உடல் அதைக்கொண்டு தசை கட்டும் வேலையில் லைசீன் முதலில் தீர்ந்துபோகும். அந்தப் பாணோடு பருப்பு வந்தால் பிழையில்லை. சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணியும் மட்டுமே வந்தால் பிழை.

தாவரப் புரதம் 'முழுமையற்றது' என்ற சொல் இந்த இடத்தில்தான் கிளப்பப்படும். அமெரிக்க எழுத்தாளர் பிரான்சிஸ் மூர் லப்பே 1971இல் எழுதிப் பல இலட்சம் பிரதிகள் விற்ற நூல், தானியத்தையும் பயறு வகையையும் ஒரே வேளையில், அளவு பார்த்துச் சேர்த்து உண்ணவேண்டும் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. பத்து ஆண்டு கழித்து வந்த பதிப்பில் அவரே அந்தக் கெடுபிடியைத் தளர்த்திக்கொண்டார். வேர்னன் யங், பீற்றர் பெலற் என்ற இரு போசாக்கு அறிஞர்கள் 1994இல் எழுதிய கட்டுரை இந்த விவகாரத்தை ஏறக்குறைய முடித்துவைத்தது: பலவகைத் தாவர உணவுகளைப் போதிய அளவில் உண்பவருக்கு எல்லா அமினோ அமிலங்களும் கிடைக்கும், ஒரே தட்டில் அவை சந்திக்கவேண்டும் என்ற அவசியமும் இல்லை, ஏனென்றால் உடல் தன் திசுக்களில் ஒரு கையிருப்பை எப்போதும் வைத்திருக்கிறது. காலையில் அவித்த கௌபி, இரவில் அரிசிமாப் பிட்டு என்றாலும் வேலை நடக்கும். ஆனால் 'போதிய அளவில்' என்ற நிபந்தனையை மறந்துவிடக்கூடாது. சைவத்தை ஆதரித்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது அதைத்தான்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இதைவிட வலுவானது. புரதத்தைப் பற்றிய பதற்றமே செயற்கையானது, வயிறார உண்டால் புரதம் தானாக வந்துவிடும் என்கிறது அது. இதற்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது. உலகம் புரதப் பஞ்சத்தை நோக்கிப் போகிறது என்று 1968இல் ஐக்கிய நாடுகள் சபை அறிக்கை எச்சரித்தது. ஏழை நாடுகளின் பிள்ளைகளுக்குப் பால்மாவும் புரதச் செறிவூட்டிய மாவும் கொடுப்பதே மருந்தென்று நம்பப்பட்டது. சேலத்தில் பிறந்து ஹைதராபாத் தேசிய போசாக்கு நிறுவனத்தை நடத்திய மருத்துவர் சி. கோபாலன் இதை ஏற்கவில்லை. அவரும் சகாக்களும் போசாக்குக் குறைந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தார்கள். பற்றாக்குறையாக இருந்தது முதலில் உணவே என்று 1973இல் அந்த ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டு டொனால்ட் மக்லாரன் லான்செற் மருத்துவ இதழில் புரதப் பதற்றத்தை ஒரு பெரும் படுதோல்வி என்றே எழுதினார்.

கோபாலன் சொன்னது சரி. கலோரி போதாதபோது உடல் உண்ட புரதத்தையும் எரித்து எரிபொருளாக்கிவிடும். பட்டினி கிடப்பவருக்குப் புரத மாவைக் கொடுப்பது வீண். 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 95 வீதத்தை நெருங்கியபோது, வேளையைக் குறைத்த குடும்பங்களுக்கு முதலில் வேண்டியிருந்தது வயிற்றுக்குச் சோறு. ஆனால் அந்த வாதத்தை அப்படியே தூக்கிவந்து யாழ்ப்பாணத்து நடுத்தர வீட்டில் வைக்கமுடியாது. இங்கே கலோரி மிஞ்சிக் கிடக்கிறது. இலங்கையில் வளர்ந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியையும் வெள்ளை மாவையும் மூன்று வேளையும் உண்டு, நடையும் குறைந்துபோன உடலுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள், புரதம் வந்துவிடும் என்று ஆலோசனை சொல்ல எந்த வைத்தியரும் துணியமாட்டார். பயற்றைக் கூட்டி அரிசியைக் குறைப்பது இரண்டு நோக்கத்துக்கும் ஒன்றாக உதவும். நார்ச்சத்தும் சேர்ந்து வருவதால் குருதியில் சீனி ஏறும் வேகமும் தணியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஈடு செய்யும் அறிவு நம்மிடம் இல்லாமல் இல்லை. பெரியபிள்ளையான பெண்ணுக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்கச் சொன்னவர்கள் அமினோ அமிலம் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அல்லர். ஆடிப்பிறப்புக் கூழில் அரிசிமாவோடு வறுத்த பயறு சேர்கிறது. ஆடிப்பிறப்பைப் பாடிய நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டிலும் அரிசியும் பயறும் அடுத்தடுத்தே வருகின்றன. கொழுக்கட்டைக்குள் பயறு, பயற்றம் பணியாரத்தில் பயறு, கோயில் அவலோடு கடலை. ஒடியற் கூழைப் பாருங்கள். ஒடியல் மா பெரும்பாலும் மாப்பொருள். கூழில் சேரும் மரவள்ளியிலும் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் புரதம். அதனால்தான் கூழுக்குள் மீனும் நண்டும் இறாலும் போயின, கூடவே பயற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும். மாப்பொருளை மட்டும் தின்று உடல் நிற்காது என்று அனுபவத்தில் கண்ட சமூகம் இது. அதே கூழைச் சைவமாகக் காய்ச்சும்போது நண்டும் மீனும் போய்விடுகின்றன, பலாக்கொட்டையின் அளவோ ஏறுவதில்லை. பயறும் உழுந்தும் சடங்குக்கும் பண்டிகைக்கும் உரிய பண்டமாக ஒதுங்கிவிட்டன. அன்றாடத் தட்டில் அவற்றின் இடம் ஒரு கரண்டி மஞ்சள் தண்ணீராகச் சுருங்கிவிட்டது.

ஆறுமுக நாவலர் தமது நான்காம் பாலபாடத்தில் புலால் உண்பதைக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தின் செல்வாக்கு இன்னும் குடாநாட்டில் உண்டு. எதை விடவேண்டும் என்று சொல்வது சமய ஆசிரியரின் பணி, எதைச் சேர்க்கவேண்டும் என்பது அவருடைய கவலையாக இருக்கவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைச் சைவத்தாலோ நல்லூர்த் திருவிழாவின் 25 நாட் சைவத்தாலோ யாருக்கும் புரதக் குறை வந்துவிடாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். மற்ற நாட்களில் மீன் உண்பவரின் உடல் அதைச் சமாளித்துக்கொள்ளும். நான் பேசுவது ஆண்டு முழுவதும் மச்சம் தொடாதவர்களைப் பற்றியும், விலை காரணமாக மீன்சட்டி கிழமைக்கு ஒருமுறைதான் அடுப்பேறும் வீடுகளைப் பற்றியும்.

கடல் சூழ்ந்த ஊரில் இதென்ன பேச்சு, மீனை உண்ணலாமே என்பார்கள். உண்பவர் உண்ணட்டும், மீன் நல்ல உணவு, கடற்றொழில் இந்த மண்ணின் உயிர்நாடி. ஆனால் மீன் இருக்கிறது என்பதே எல்லா வீட்டுக்கும் விடையாகிவிடாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது கடலுக்குப் போகமுடியாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. போர்க்காலத்தில் கடலே மூடப்பட்டிருந்தது. அந்த நாட்களைப் பொற்காலமாக்கிப் பேசும் பழக்கம் எனக்கு உவப்பானதல்ல. தடையும் பற்றாக்குறையும் யாருக்கும் ஆரோக்கியம் தரவில்லை. என்றாலும் ஒரு வீட்டின் புரதம் முழுவதும் ஒரே வாசலால் வருமானால் அந்த வாசல் அடைபடும்போது என்ன நடக்கும் என்பதை நாம் இரண்டு முறை பார்த்திருக்கிறோம். மீன் உண்ணும் வீட்டுக்கும் பயறு வேண்டும்.

பயறும் கடலையும் வாயு என்ற முறைப்பாட்டைச் சிரித்துத் தள்ளமுடியாது. வயது போனவர்கள் பலர் கடலையைக் கைவிட்டது இதனால்தான். இவற்றில் உள்ள சில சர்க்கரைகளைச் சிறுகுடல் செரிப்பதில்லை. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைக்க, காற்று உண்டாகிறது. இரவு முழுக்க ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக அவித்தால் பெரும்பகுதி குறையும். முளைகட்டிய பயற்றில் இன்னும் குறையும். தோசை மா புளிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. உள்ளியும் இஞ்சியும் பெருங்காயமும் போடுவதும் வயிற்றுக்கு இதமென்று கண்டுதான். மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை கடலை தின்பவருக்கு வயிறு பொருமும். நாள்தோறும் இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கிக் கூட்டுபவருக்குச் சில கிழமைகளில் பழகிவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு பொருந்தாது. அவர்கள் எவ்வளவு புரதம் உண்ணலாம் என்பதை வைத்தியரே சொல்லவேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருபவர்கள் முதியவர்கள். பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, வீட்டில் ஒருவராகவோ இருவராகவோ வாழும் முதியவர்கள் குடாநாட்டில் ஏராளம். ஒருவருக்காக உலை வைப்பானேன் என்று இரவில் பாணும் தேத்தண்ணியும், சில நாள் பிஸ்கற்றும் தேத்தண்ணியும். இவர்களில் கணிசமானோர் வயது ஏற ஏற மச்சத்தையும் விட்டவர்கள். முதுமையில் தசை தேயும். அதைத் தடுக்கக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2013இல் பரிந்துரைத்தது. இளையவரைவிட முதியவருக்கு அதிகம் வேண்டும் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. "வயது போட்டுது, இனி என்னத்துக்கு" என்று குறைத்துக்கொள்கிறார்கள். பல் இல்லாதவருக்குக் கடலை உதவாது. பயற்றங்கஞ்சி, உழுத்தம்மாவும் குரக்கன்மாவும் கலந்த களி, குழையவேகவைத்த கெட்டிப் பருப்பு, பொடித்த எள்ளும் கச்சானும் இவர்களுக்கு ஏற்றவை. சின்னப் பிள்ளைகளின் வயிறும் சிறியது. சோற்றால் அது நிறைந்துவிட்டால் புரதத்துக்கு இடமில்லை. ஆகவே கொஞ்சத்தில் நிறையத் தரும் வறுத்த பயற்றமாவும் கச்சானும் அவர்களுக்கு முதலில் போகவேண்டும். சோளத்தையும் சோயாவையும் சேர்த்து 1973இலிருந்து இந்த நாட்டுத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்பட்டுவரும் திரிபோஷாவின் அடிப்படையும் இதுதான்: தானியமும் அவரையினமும் ஒரே பொதியில்.

ஒரு விஷயத்தில் தாவர உணவுக்காரர் பிடிவாதம் பிடிக்கக்கூடாது. உயிர்ச்சத்து பி12 தாவரங்களில் இல்லை. பால் குடிக்கும் சைவர்களுக்கு ஓரளவு கிடைக்கும். பாலையும் விட்டவர்கள் குளிசை எடுத்தே ஆகவேண்டும். பழஞ்சோற்றிலும் கீரையிலும் இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பிக் காலம் கடத்தினால் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். இரும்புச் சத்துக்குத் தேத்தண்ணி பெரிய எதிரி. சாப்பிட்ட கையோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்து, கறியில் தேசிக்காய்ப்புளி விட்டால் பயற்றில் உள்ள இரும்பு கூடுதலாக உடலில் சேரும்.

உடற்பயிற்சி நிலையங்களுக்குப் போகும் இளைஞர்கள் புரத மா வாங்கச் செலவழிக்கும் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பிரேசிலில் செய்யப்பட்டு 2021இல் வெளியான ஆய்வொன்றில், தாவர உணவு மட்டும் உண்ட இளைஞர்களும் எல்லாம் உண்ட இளைஞர்களும் 12 கிழமை எடைப் பயிற்சி செய்தார்கள். இரு குழுவும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் பெற்றபோது தசை ஒரே அளவில் வளர்ந்தது. அந்த அளவை எட்டத் தாவர உணவுக்காரருக்குச் சோயா மா கொடுக்கப்பட்டது என்பதை மறைக்கத் தேவையில்லை. முழுத் தானியமும் பயறும் மட்டும் உண்டு அவ்வளவு பெறுவது கடினம்தான். ஆனால் அவ்வளவு எல்லோருக்கும் வேண்டியதில்லை. சோயாமீற் அவசரத்துக்கு உதவும். அதில் புரதம் நிறைய உண்டு, ஆண்மை குறையும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. உப்பும் சுவையூட்டியும் கலந்த பொதியைவிட அவித்த சோயா அவரை நல்லது, அவ்வளவுதான்.

எல்லாம் சரி, பயறு விற்கும் விலைக்கு யார் வாங்குவது என்ற மறுப்புக்குச் சமையலறையில் பதில் இல்லை. அந்நியச் செலாவணியைக் காப்பாற்றவென்று 2020இல் அரசு உழுந்து, பயறு ஆகியவற்றின் இறக்குமதியை நிறுத்தியது. உள்ளூர் விவசாயிக்கு நன்மை என்றார்கள். அடுத்த ஆண்டே இரசாயன உரத்தையும் தடைசெய்தார்கள். உழுந்தின் விலை பல மடங்கு ஏறியது, தோசையும் வடையும் சிறுத்தன, ஏழை வீட்டுத் தட்டில் பயறு அருகியது. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வரும் மைசூர்ப் பருப்பே மலிவான புரதமாக எஞ்சியது. வன்னியில் காலபோக நெல் அறுத்த வயல்களில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே குறுகிய காலப் பயறு விளைவிக்கலாம்; வேர் முடிச்சுகளால் மண்ணுக்கும் நைதரசன் சேரும். அறுவடைக் காலத்தில் வாங்க ஆளும் காயவைத்துச் சேமிக்க இடமும் இருந்தால் விவசாயி விதைப்பார். நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்துக் கொள்வனவு செய்யும் அரசு பயற்றுக்கும் அதே அக்கறையைக் காட்டவேண்டும். நிலையாக வாங்கக்கூடிய வாடிக்கையாளரும் கைவசமே இருக்கிறார்: பாடசாலை உணவுத் திட்டம். ஒரு பிள்ளையின் தட்டில் பருப்போ பயறோ கௌபியோ எத்தனை கிராம் விழவேண்டும் என்பதை, அவித்த கறியின் கரண்டிக் கணக்கில் இல்லாமல், உலர்ந்த நிலையின் எடையில் எழுதிவைத்து, வடமாகாணக் கல்வித் திணைக்களமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் அதை மாதாமாதம் தராசில் போட்டுப் பார்க்கட்டும். கிளினிக்குக்கு வரும் முதியவரிடம் குருதியழுத்தமும் சீனியும் பார்க்கும்போதே, நேற்று என்ன பயறு உண்டீர்கள் என்று கேட்கவும் ஒருவர் இருக்கட்டும்.